சென்னையில் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலையானால் தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "எங்கே சார், கோயிலுக்கா?" என்று கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். சொற்பொழிவு கேட்க என்றேன். அடுத்த வாரம் அவரும் வந்தார். அதற்கடுத்த வாரம் அவர் மைத்துனரைக் கூட்டி வந்தார். இப்படி வந்தவர்களும் வரத் தயங்கியவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

நுழைவுக் கட்டணம் உண்டா? அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். இந்த ஊரில் நடக்கும் உரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசு கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் இருந்தால்தான் போக முடியும். சொற்பொழிவு அழைப்பிதழ் யார் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ அவருக்கு உரியது. கைக்கு வராவிட்டாலும் போகலாம். ஆய்வு நிறுவன வளாகங்களில் மட்டும் வாசல் காவலர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நோட்டில் எழுதச் சொல்வார். எந்த நிகழ்ச்சி என்று கேட்டால் தலைப்பைச் சொல்ல வேண்டாம், "லெக்சர்" என்றால் போதும், கையால் வழி காட்டிவிடுவார்.

புத்தகக் காட்சியில் நடக்கும் மாலை உரைகளுக்குக் காட்சிக்கு நுழைவுச் சீட்டு இருந்தால் அதை வாங்க வேண்டும். 

எங்கே, என்றைக்கு, யார் பேசுகிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உண்மையான சிக்கல் இதுதான். அரங்கின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நடக்கிறது என்ற செய்திதான் தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. நாளிதழ்களில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். ஒரு காலத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்து, வேண்டியதைக் கத்தரித்து வைத்துக்கொள்வோம். இப்போது அந்த இடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் பிடித்துக்கொண்டன. குழுவில் இருப்பவருக்கு ஒரே அழைப்பிதழ் ஏழு முறை வரும்; இல்லாதவருக்கு ஒன்றும் வராது.

ஆகவே முதல் கூட்டத்துக்குப் போகும்போதே வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவேட்டில் மின்னஞ்சலையும் எண்ணையும் தெளிவான கையெழுத்தில் எழுதிவிடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "அடுத்து எங்கே?" என்று கேளுங்கள். வழக்கமாக வருகிறவர்கள் ஒரு மாத நிகழ்ச்சி நிரலை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் வசிக்கிறீர்கள் என்றால் வீட்டு வாசலில் விழும் இலவச வார ஏடு போதும்.

முதல்முறை போகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பறக்கும் ரயிலில் ஏறுங்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரிப் பக்கம் போகும் அந்தத் தடத்திலேயே பாதி அரங்குகள் வந்துவிடும்.

திருமயிலையில் இறங்கினால் சபாக்கள், சமஸ்கிருதக் கல்லூரி, லஸ் முனையில் ரானடே நூலகமும் அதன் மாடியிலுள்ள மண்டபமும். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திறந்தார்கள். அங்கே 'பொன்மாலைப் பொழுது' என்ற தலைப்பில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேச வைக்கிறார்கள். சற்று முன்னதாகப் போய் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு அரங்கில் உட்காரலாம் என்பதால், தயங்குகிறவர்களை நான் முதலில் அனுப்புவது இங்கேதான். பேச்சு பிடிக்காவிட்டாலும் மாலை வீணாகாது.

இன்னும் தெற்கே, இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கித் தரமணிக்கு ஓர் ஆட்டோ. ஒரே வட்டாரத்தில் மூன்று இடங்கள். முதலாவது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள், நோட்டீசுகள், நாடகத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் நூலகமாயின. சிந்துவெளி முதல் அச்சு வரலாறு வரை அங்கே உரைகள் நடக்கும். அடுத்தது 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம். அதன் பொது உரைகளுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பயமில்லாமல் இருந்தால் போதும். மூன்றாவது 1970-இல் ஏற்பட்ட உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் தலைநகரம்.

கோயில், சிற்பம், கல்வெட்டு, ஓவியம் என்று நாட்டம் உள்ளவர்கள் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையின் மாதாந்திர உரையைத் தவறவிட வேண்டாம். முதல் சனிக்கிழமை என்பது அவர்கள் கணக்கு. அரங்கு மாறியிருக்கிறது, கிழமை மாறவில்லை. பேச்சோடு நிறுத்தாமல் மாதக்கணக்கில் படித்துத் தயாராகி, ஓர் ஊருக்குச் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டும் வருவார்கள்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் என்ன?

ஒருவர் தம் தந்தையார் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு தொகையை நிறுவனத்தில் வைப்பாகக் கொடுப்பார். முதல் அப்படியே இருக்க, வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு. எந்தப் பொருளில் பேச வேண்டும் என்பதையும் கொடுத்தவரே பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார். யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு: பெயர் நிலைக்கிறது, தலைப்பு நிலைக்கிறது.

வட்டிதான் நிலைப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் ஐயாயிரம் ரூபாய் பெருந்தொகை. இன்று அதன் வட்டியில் பேச்சாளருக்குச் சால்வை வாங்கினால் ஆட்டோவுக்கு இருக்காது. அதனால் இரண்டு மூன்று அறக்கட்டளைகளைச் சேர்த்து ஒரே நாள் காலையில் நடத்திவிடுகிறார்கள். வேலை நாள், பதினொரு மணி. நாற்காலிகளை நிரப்ப ஒரு வகுப்பை அப்படியே எழுப்பிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. பின்வரிசையில் அவர்கள் கைப்பேசிக்குள் குனிந்திருப்பார்கள். ஆனாலும் சொல்கிறேன், பல ஆண்டுகள் ஒரே பொருளில் உழைத்தவர் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கும் கட்டுரை இந்த மேடைகளில்தான் கேட்கக் கிடைக்கும். கைதட்டல் வாங்கத் தெரியாத அறிஞர்களுக்கு வேறு மேடை இல்லை.

உபந்நியாசம், பட்டிமன்றம் எல்லாம் இதில் சேருமா?

சேரும், சேராது. உபந்நியாசம் கேட்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும்; சொல்லும் அழகுக்காகப் போகிறார். பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்னவென்று நடுவர் வரும்போதே தெரியும், நகைச்சுவைக்காகப் போகிறோம். நான் இங்கே பேசுவது, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகும் கூட்டங்களைப் பற்றி. ஆனால் கோடு அவ்வளவு துல்லியமாக இல்லை. ஆகஸ்டில் மயிலாப்பூரில் நடக்கும் கம்பன் விழாவில் மூன்றையும் ஒரே மேடையில் கேட்கலாம்.

தமிழில் மேடையேறி உரைநடையில் பேசுவதே சமயப் பேச்சிலிருந்து வந்ததுதான். கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கத்துக்கு எதிர்ப் பிரசங்கமாக ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று பேசத் தொடங்கினார். அதற்குமுன் கோயிலில் பாட்டுக்குப் பொருள் சொன்னார்கள், புராணம் படித்தார்கள். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் பிறகு வந்தது.

இதெல்லாம் மயிலாப்பூர்ப் பெரியவர்களின் பொழுதுபோக்குத்தானே?

இந்தக் கேள்வி வந்தால் நான் பெரம்பூரைக் காட்டுவேன்.

நூறாண்டுக்கு முன் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. வடசென்னையில் பின்னி மில் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்கு அருகே செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்கள் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒன்று நடத்தினார்கள். பெயரே சொல்கிறது, பக்திச் சபை. சமயச் சொற்பொழிவுகள் நடக்கும். கேட்க வந்தவர்களில் பெரும்பகுதி ஆலைத் தொழிலாளர்கள். பேச்சு முடிந்த பின் என்ன நடக்கும்? நமக்குத் தெரிந்ததுதான், சொந்தக் கதை. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறான். சபாக்காரர்கள் கேட்டார்கள். அடையாற்றில் பிரம்மஞான சபையில் இருந்த பி.பி. வாடியாவிடம் போனார்கள். திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அதைத்தான். பெருமாள் பெருமை கேட்க வந்த கூட்டம் அது.

கடற்கரையையும் சொல்ல வேண்டும். 1907 மே மாதம் சுதேசி இயக்கத் தலைவர் விபின் சந்திர பாலர் வங்காளத்திலிருந்து வந்து சென்னைக் கடற்கரையில் தொடர்ச்சியாகப் பேசினார். வரவழைத்தவர்களில் பாரதியும் ஒருவர். அரங்கம் கிடையாது, ஒலிபெருக்கி அப்போது கூட்டங்களுக்கு வந்திருக்கவில்லை. மணல்தான் நாற்காலி.

ஆகவே மரபு மயிலாப்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. இன்றைய நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகம், கன்னிமாரா நூலகம், வேப்பேரி பெரியார் திடல் என்று வடக்கே போகப் போக அரங்குகள் அருகிக்கொண்டே வருகின்றன. அதற்கப்பால் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் மாலை ஆறு மணி உரைக்குத் தரமணி போக வேண்டுமென்றால் நான்கு மணிக்கே வேலையை விட்டுக் கிளம்ப வேண்டும். யார் விடுவார்கள்? கூட்டத்தில் இளைஞர்கள் இல்லை, உழைக்கிறவர்கள் இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் முதலில் அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

எந்த மாதங்களில் அதிகம்?

ஆகஸ்ட், டிசம்பர், ஜனவரி.

1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை ஓரத் துண்டு நிலம் கிடைத்ததை வைத்துச் சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதி சரிதானா என்ற வழக்கு தனி. 2004 முதல் நடக்கும் இந்தக் கொண்டாட்டத்துக்கு வித்திட்டவர்களில் சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா முக்கியமானவர். ஒரு நாள் என்றது வாரமாகி, மாதமும் ஆகிவிட்டது. தெருக்களைப் பற்றி, மரங்களைப் பற்றி, பழைய தியேட்டர்களைப் பற்றிப் பேச்சு, காலையில் நடைப்பயணம்.

டிசம்பரில் எல்லோரும் கச்சேரிக்கு டிக்கெட் தேடுவார்கள். டிக்கெட் தேவைப்படாத நல்ல விஷயம் ஒன்று மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கிறது: விளக்க உரைகள். 'லெக்-டெம்' என்றால்தான் பலருக்குப் புரியும். அந்த ஆண்டு சங்கீத கலாநிதி பெறப்போகும் கலைஞர் தலைமையில் உட்கார்ந்திருப்பார். ஒரு ராகத்தின் வரலாற்றைப் பாடிக்காட்டி ஒருவர் பேச, "எங்கள் பாடாந்தரத்தில் அப்படி இல்லையே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். கச்சேரியில் கிடைக்காத சுவாரசியம் அது. முடிந்ததும் கேன்டீனில் பொங்கல்.

அதே அகாடமி மேடையில் கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் 'சயின்ஸ் அட் த சபா' என்று அறிவியல் உரைகளை நடத்துகிறது. வழக்கமாகத் தம்பூரா மீட்டும் மேடையில் அறிவியலாளர்கள் வரிசையாகப் பேசுவார்கள்.

ஜனவரியில் புத்தகக் காட்சி. 1977-இல் அண்ணாசாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியது. தினமும் மாலையில் உரை. இரைச்சல் அதிகம், புத்தகப் பையின் கனமும் அதிகம். முதலில் பேச்சு, பிறகு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

அழைப்பிதழின் மொழியைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். ஆங்கில அழைப்பிதழ் அனுப்பிவிட்டுத் தமிழில் பேசுவார்கள். பொதுவாக இலக்கியமும் கல்வெட்டும் தமிழ், அறிவியல் ஆங்கிலம், கலையும் நகர வரலாறும் ஆள் பொறுத்து. அறிவியல் உரைகள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் நெடுநாள் குறை. ஆங்கிலத்தில் திணறாமல் பேசும் விஞ்ஞானி தமிழில் திணறிப் பேசினாலும் கூட்டம் மன்னிக்கும், இன்னும் நெருங்கி உட்காரும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஆறு மணி என்றால் ஆய்வு நிறுவனங்களில் ஆறு. இலக்கியக் கூட்டங்களில் ஆறரை. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர் உரை, வாழ்த்துரை என்று அழைப்பிதழில் வரிசை நீளமாக இருந்தால் ஏழுக்குப் போனாலும் சிறப்புரைக்கு நேரமிருக்கும். வாழ்த்துரை சொல்ல வந்தவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்த பேச்சாளருக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம் வைத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தப் பேச்சாளர் பொறுமைசாலி.

ஐந்தரைக்குத் தேநீர் என்று போட்டிருந்தால் ஐந்தரைக்கே போங்கள். தேநீருக்காகச் சொல்லவில்லை. நடுத்தர வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, தூணுக்கு முன்னால் இடம் கிடைக்கும்.

பாதியில் எழுந்து வரலாமா?

வரலாம். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது பேச்சாளருக்குத் தெரியும். நன்றியுரையின்போது கூட்டமாக எழுந்து போவதுதான் அநியாயம். நாற்காலி போட்ட பையனுக்கு நன்றி சொல்லும் ஒரே இடம் அது.

கேள்வி கேட்கலாமா? தப்பாகக் கேட்டுவிட்டால்?

கேளுங்கள். தப்பான கேள்வியை விடத் தொல்லை தருவது கேள்வியே இல்லாத கேள்வி. ஒலிவாங்கி கைக்கு வந்ததும் தம் பெயர், பார்த்த உத்தியோகம், ஓய்வு பெற்ற ஆண்டு, இதே பொருளில் தாம் எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு "இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று முடிப்பவர் ஒருவர் எல்லா அரங்கிலும் உண்டு. அவருக்கும் பேச ஒரு மேடை வேண்டியிருக்கிறது, பாவம்.

உரை நடக்கும்போதே கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "அந்தக் கல்வெட்டில் 'மா' என்று ஓர் அளவு சொன்னீர்களே, இன்றைய கணக்கில் எவ்வளவு நிலம்?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். பேச்சாளர் கரும்பலகைக்குப் போனார், அங்கிருந்து பத்து நிமிடம் திரும்பவில்லை. அந்த மாலையில் எனக்கு நினைவிருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் முடிந்தபின் மேடைக்கு அருகே போய்க் கேளுங்கள். சால்வையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, யாராவது பேச்சைப் பற்றிப் பேசமாட்டார்களா என்றுதான் அவரும் நின்றுகொண்டிருப்பார்.

யூடியூபில் வந்துவிடுகிறதே, நேரில் எதற்கு?

வருகிறது, நல்லது. தூரத்தில் இருப்பவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் அது பெரும் வரம். நானும் தவறவிட்டதை அப்படித்தான் கேட்கிறேன், பாத்திரம் துலக்கும்போது. ஆனால் காணொளியில் பேச்சாளர் முகம் இருக்கும், அவர் காட்டிய படம் இருக்காது. கேள்வி நேரத்தில் பதில் கேட்கும், கேள்வி கேட்காது. பக்கத்து நாற்காலிக்காரரும் அதில் வரமாட்டார்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால், படம் காட்டும் உரையாகப் பார்த்து. அதற்குக் கீழே கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் மேல்.

முதியவர்களுக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வசதி எப்படி?

புதிய கட்டடங்களில் லிப்டும் சாய்தளமும் உண்டு. பழைய மண்டபங்களில் மாடிப்படி, அதுவும் செங்குத்தாக. கேட்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மூட்டுவலி இருக்கும் ஊரில் மாடியில் அரங்கு வைத்தவர்களை என்ன சொல்வது? போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவறை எந்தத் தளத்தில் என்பதையும் சேர்த்து.

எங்கள் பகுதியில் நாங்களே ஒன்று நடத்த முடியுமா?

முடியும். அரங்கு தேடி அலைய வேண்டாம், முதலில் கிளை நூலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. பல இடங்களில் பதாகையில் மட்டும் உயிரோடு இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. நூலகர் மனது வைத்தால் படிப்பறையில் நாற்பது நாற்காலி போடலாம். பள்ளிக்கூட வகுப்பறை, குடியிருப்பு மாடி, கோயில் மண்டபம் எதுவும் ஆகும்.

முதல் கூட்டத்துக்கு நட்சத்திரப் பேச்சாளரைத் தேடாதீர்கள். உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் இருப்பார். மின்சாரம் நம் தெருவுக்கு எப்படி வருகிறது என்று அவரைப் பேசச் சொல்லுங்கள், கூட்டம் வரும். வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் போக்குவரத்துச் செலவை முதலிலேயே பேசி, உறையில் போட்டுத் தயாராக வையுங்கள். சால்வை வேண்டாம். எந்தப் பேச்சாளர் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் சால்வைதான் விழும். புத்தகம் கொடுங்கள், அல்லது அந்தக் காசையும் உறையிலேயே சேருங்கள்.

புரொஜெக்டரை முதல்நாளே அவருடைய மடிக்கணினியோடு இணைத்துப் பாருங்கள். எல்லாக் கூட்டங்களும் தாமதமாவது அந்த ஒரு கம்பியால்தான். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு பத்து மணிக்குமேல் கூடாது. பேச்சு ஐம்பது நிமிடம், கேள்வி முப்பது நிமிடம். வாழ்த்துரைக்கு இடமே வைக்காதீர்கள். வைத்தால் கட்சியின் வட்டச் செயலாளர் வருவார்.

சான்றிதழ் கொடுப்பார்களா?

மாட்டார்கள்.

மழை பெய்தால் நடக்குமா?

பெரும்பாலும் நடக்கும். ஒரு நவம்பர் மாலை, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அரங்கில் பேச்சாளரையும் சேர்த்து ஒன்பது பேர். அமைப்பாளர் தள்ளிவைத்துவிடலாமா என்று கேட்டார். பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கள் நனைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், நான் ஆட்டோவில் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். சோழர் காலத்து ஏரி மதகுகள் தலைப்பு. வெளியே தண்ணீர் வடிவதற்குள், ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பு எப்படி வேலை செய்யும் என்பதைத் தேநீர்க் கோப்பையில் ஓட்டை போட்டுக் காட்டி முடித்துவிட்டார். குடை எடுத்துக்கொண்டு போங்கள்.